கீழ் கேட் வழியாக வா

மகனே,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். அந்தச் சொல் கடைசியில் மிச்சம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். நீ நலமாகத்தான் இருப்பாய். போட்டோக்களில் கன்னம் பூசினாற்போல் இருக்கிறது. ஏற்காட்டில் மழை விட்டும் விடாமலும் பெய்கிறது, துணி காய்வதில்லை, குளிருக்கு முழங்கால் குடைகிறது. இதையெல்லாம் நீ கேட்கப்போவதில்லை. இந்தக் கடிதத்தை உன் வாட்ஸப்புக்கு அனுப்பாமல் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். போனில் சொன்னால் "அம்மா, கிளாஸ் இருக்கு, அப்பறம் பேசலாம்" என்பாய். அதுவுமல்லாமல், நீ நாலு பேரிடம் மறைத்ததை நான் நாலு பேர் முன்னால் சொல்வதுதான் முறை. பயப்படாதே, உன் பெயரை எழுதவில்லை. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கு எழுதும் அம்மாக்கள் நடுவில் எங்காவது தங்கள் தப்பைச் சொல்லி அழுவார்கள். நான் அதற்கு உட்காரவில்லை. எஸ்டேட் காப்பகத்தில் ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டே வயதானவள் நான். பிள்ளை தப்புச் செய்தால் சுவரோரம் நிற்க வைத்துக் கேட்டுத்தான் பழக்கம். உன்னையும் அப்படித்தான் நிற்க வைக்கப்போகிறேன். படிப்பு உன்னைப் பெரியவனாக்கியிருக்கலாம், எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

உன் வீடியோவை எனக்கு முதலில் காட்டியவர் ஒண்டிக்கடை முக்கில் மிக்சி ரிப்பேர் பார்க்கிறவர். "உங்க பையன் பெர்லின் சுவரப் பத்திப் பேசறாப்லைங்க்கா, நொம்ப நல்லாப் பேசறாப்ல" என்று போனை நீட்டினார். கறுப்புக் கோட்டுப் போட்டு நிற்கிறாய். தரையில் இரட்டை வரிசையாகப் பதித்த கல்லைக் காட்டி, நகரத்தை இரண்டாக வெட்டிய சுவர் இந்த வழியாகத்தான் போனது என்கிறாய். ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்துச் சிரிக்கிறாய். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, அந்தச் சுவர் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே புகுந்து போனதையும், அதற்காகச் செத்தவர்களைத் தோண்டி இடம் மாற்றியதையும், நடுவில் அகப்பட்ட ஒரு கோயிலைப் பின்னால் வெடி வைத்துத் தகர்த்ததையும் சொல்கிறாய். கண்ணைத் துடைத்துக்கொள்கிறாய். "செத்தவங்களக்கூட நிம்மதியா விடல. நம்ம ஊர்ல இப்படி ஒண்ண நெனச்சுக்கூடப் பாக்க முடியாது" என்கிறாய். கீழே எத்தனையோ பேர் கண்ணீர் பொம்மை போட்டிருந்தார்கள். மிக்சிக்காரர் நம் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவர். "ஏனுங்க்கா, அந்த ஊர்க் குளுருக்கு மறதி வருமுங்களா?" என்று கேட்டார். மிக்சியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

படிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரிந்ததுதான். எங்கள் எஸ்டேட் கோயிலுக்குப் பின்னால், காப்பிச் செடிகள் முடிகிற சரிவில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் சுவர் ஓடுகிறது. சுவருக்கு மேல்பக்கம் உன் அப்பாவின் சாதிக்காரர்கள் படுத்திருக்கிறார்கள். கீழே எங்கள் சனம். மேலே ஒரு கேட், கீழே ஒரு கேட். ஒரே கோயில், ஒரே சாமியார், ஒரே நற்கருணை, ஒரே சேசு. செத்தால் மட்டும் வேறு வேறு வாசல். கல்லறைத் திருநாளன்று சாமியார் முதலில் மேலே மந்திரிப்பார், பிறகு வெளியே வந்து சுற்றிக்கொண்டு கீழ் கேட் வழியாக இங்கே வருவார். அவர் வருவதற்குள் எங்கள் மெழுகுவத்திகள் பாதி உருகியிருக்கும்.

உன் அப்பா எஸ்டேட் ரைட்டர், கணக்கு எழுதுகிறவர். நான் லைன் வீட்டுப் பெண், காப்பிப் பழம் பறிக்கிறவளின் மகள். அவர் என்னைக் கட்டினபோது அவர் ஊட்டு மனிதர்கள் கோயிலுக்குள் வந்தார்கள், ஆனால் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. அதைப் பற்றி எனக்குப் புலம்பலில்லை. உன் அப்பாவைப் பற்றி நீ ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அவர் தன் அப்பன் ஆத்தாளுக்கு மேலே பூப் போட்டுவிட்டு, உன் கையைப் பிடித்துக்கொண்டு மேல் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வருவார். அவருடைய அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, சேற்றில் செருப்பு வழுக்க வழுக்க இறங்கி, கீழ் கேட் வழியாக உள்ளே வந்து என் அம்மா கல்லறைக்கு முன்னால் நிற்பார். ஒரு தடவை நீ மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரை எட்டிக் குதித்து வந்தாய். அவர் உன்னைத் திரும்ப அந்தப் பக்கமே தூக்கி விட்டார். "குதிக்காத சாமி. எல்லாரும் பாக்கச் சுத்திக்கிட்டே வா" என்றார். நீ உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சுற்றி வந்தாய். உன் மாமன்தான் உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

மாமன் என்று எழுதினேன். யார் அது என்று உன் புதுச் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். என் கூடப் பிறந்த தம்பி. மிளகு மூட்டையும் காப்பி மூட்டையும் ஏற்றுகிற ஜீப்பு ஓட்டுகிறான். அவனுக்குப் பிள்ளை இல்லை, உன்னைத் தூக்கி வளர்த்தான். உனக்குக் காது குத்தும்போது அவன் மடியில்தான் உட்கார்ந்தாய். அவன் வேட்டியை நனைத்தாய்.

அப்பா போன அன்றைக்கு நீ காலேஜிலிருந்து வந்தாய். அவரை எங்கே வைப்பது என்று உன் பெரியப்பா கேட்கக்கூட இல்லை, மேலே குழி வெட்டச் சொல்லிவிட்டார். நீ தலையாட்டினாய். புருசனைச் சாகக் கொடுத்தவள் அன்றைக்குச் சண்டை போட முடியாது, உன்னால் முடிந்திருக்கும். உயிரோடு இருந்தவரைக்கும் அவரை அவர்களால் எங்களிடமிருந்து பிரிக்க முடியவில்லை. செத்த பிறகு எடுத்துக்கொண்டார்கள். பெட்டியின் முன்பக்கம் ஒரு தோளில் நீ, இன்னொரு தோளில் உன் மாமன். வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் அவன் தோள் மாற்றவில்லை. மேல் கேட் வந்ததும் உன் பெரியப்பா மகன் வந்து, "நீங்க விடுங்க, நாங்க பாத்துக்கறோமுங்க" என்றான். எவ்வளவு மரியாதை பார். உன் மாமன் பெட்டியை அவன் தோளுக்கு மாற்றிவிட்டு ஒதுங்கினான். நீ திரும்பிப் பார்த்தாய். நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்துவிட்டு நேராக நடந்து உள்ளே போனாய்.

குழிக்குள் எல்லோரும் மண் போட்டார்கள். உன் மாமன் சுற்றிக்கொண்டு கீழ் கேட் வழியாக ஓடிவந்து, சுவருக்கு அந்தப் பக்கம் நின்றான். கையில் ஒரு பிடி மண். அங்கிருந்து எறிந்தால் குழிக்குள் விழாது, மற்றவர்கள் மேல்தான் விழும். பிடித்துக்கொண்டே நின்றான். எல்லோரும் கலைந்த பிறகு அந்த மண்ணை எங்கள் அம்மா கல்லறை மேலேயே போட்டுவிட்டுப் போனான். நீ இதையும் பார்த்தாய். இதைத்தான் நம் ஊரில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது என்று கோட்டுப் போட்டுக்கொண்டு சொல்கிறாய்.

உன்னைப் பெங்களூர் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டவனும் அவன்தான். உன்னோடு படிக்கப் போகிற இன்னொரு பையனும் அவன் குடும்பமும் அங்கே நின்றார்கள். அந்தப் பையனின் அப்பா உன் மாமனைக் காட்டி, "இவரு யாரு தம்பி?" என்று கேட்டார். "டிரைவருங்க அங்கிள்" என்றாய். நான் பக்கத்தில் நிற்கிறேன். உன் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தவன் காதில் அது விழுந்தது. பெட்டியைக் கீழே போடவில்லை, பதனமாக இறக்கித் தள்ளுவண்டியில் வைத்தான். திரும்பி வரும்போது தொப்பூர் வரைக்கும் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான். அப்புறம் அவனே சிரித்தான். "பொய்யொண்ணும் சொல்லலியேக்கா. நான் டிரைவர்தானே" என்றான். நான் உன்னை அப்போதே போனில் பிடித்து நாலு கேட்டிருக்க வேண்டும். தூர தேசம், குளிர், தனியாகக் கிடக்கிறாய் என்று விட்டுவிட்டேன். என் பேரில் தப்பு என்று ஏதாவது இருந்தால் அவ்வளவுதான், அதற்கு மேல் தேடாதே.

பிறகு நீ பெண் பார்த்துக்கொண்டாய். அங்கேயே படிக்கிற பெண், சேலத்துக் குடும்பம், உன் அப்பாவின் சாதி. நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறது. போன மாதம் வீடியோவில் வந்தாள். பக்கத்தில் நீ. இங்கே சமையல்கட்டில் நான் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எதிரே உன் மாமன் பலாப்பழம் பிளந்துகொண்டிருக்கிறான், கை முழுக்க எண்ணெய். உன் கல்யாணத்துக்கு மாமன் போடுகிற முதல் மாலையைப் பற்றித்தான் அப்போது பேசிக்கொண்டிருந்தோம். சேலத்தில் எந்தக் கடையில் சொல்வது, ரோஜாவா சம்பங்கியா என்று அவனுக்கு ஒரே குழப்பம். அந்தப் பெண் கேட்டாள்: "ஏனுங்கத்தை, உங்க ஊட்டுப் பக்கம் யாரெல்லாம் வர்றாங்க? பத்திரிகைல பேர் போடணும்னு அப்பா கேக்கறாருங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "அம்மா பக்கம் யாரும் இல்ல."

அந்தப் பெண் "அய்யோ, சாரிங்கத்தை" என்றாள். என் சனம் மொத்தமும் செத்துப்போனதாக நினைத்துக்கொண்டாள், பாவம். உன் மாமன் எழுந்து போய்க் கை கழுவினான். எண்ணெய்க் கையைத் தண்ணீரில் கழுவினால் போகுமா, துண்டில் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். ஜீப்புச் சாவியை எடுத்துக்கொண்டான். "லைன் சரியில்லடா, அவன் வேற என்னமோ சொன்னான்" என்றேன். அவன் வாசலில் நின்று, "லைன் நல்லாத்தான் இருந்துச்சுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். பிளந்த பலாப்பழம் அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகு அவன் இந்த வீட்டுக்கு வரவில்லை. நான்தான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

மறுநாள் நீயே கூப்பிட்டாய். குரலில் தேன். மன்னிப்புக் கேட்கப்போகிறாய் என்று நினைத்தேன், அவ்வளவு முட்டாள் நான். "அம்மா, கல்லறைத் திருநாளுக்கு பொண்ணு ஊட்ல இருந்து ஏற்காட்டுக்கு வர்றாங்க. அப்பா கல்லறையப் பாக்கணுங்கறாங்க. நீங்க அவங்கள மேல் கேட் வழியாவே கூட்டிட்டுப் போயிட்டு வந்துருங்க. அன்னைக்கு ஒரு நாள் கீழ போவாதீங்க. பாட்டிக்கு முந்தின நாளே மெழுகுவத்தி வெச்சுருங்க" என்றாய். அதுவரைக்கும் நீ மறந்துவிட்டாய் என்றுதான் உனக்காக எனக்குள்ளேயே வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேன். நீ எதையும் மறக்கவில்லை. எந்த கேட், எந்த நாள், யார் கண்ணில் எது படக்கூடாது, எல்லாம் பெர்லினில் உட்கார்ந்துகொண்டு துல்லியமாகச் சொல்கிறாய். இந்தச் சுவரை இவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டு அந்தச் சுவருக்கு அழுதிருக்கிறாய்.

அதோடு விட்டாயா. "உங்களுக்கு ஒரு நல்ல விசயம்மா" என்றாய். கல்லறைத் தோட்டக் கமிட்டியில் பேசிவிட்டாயாம். நான் செத்தால் என்னை மேலே, அப்பா பக்கத்திலேயே வைக்க ஒத்துக்கொண்டார்களாம். வெளிநாட்டில் படிக்கிற பிள்ளை கேட்டதைத் தட்ட முடியவில்லையாம். நீ சொன்ன தொனியைப் பார்த்தால் எனக்கு ஏதோ காசி ராமேசுவரம் டிக்கெட் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் கழித்துக் கமிட்டிச் செயலாளரே வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன், குடித்தார். அதுவே பெரிய மாற்றம்தான்.

"தம்பி பேசினாப்லைங்க. உங்களுக்கு மேலயே எடம் குடுத்தரலாம்னு முடிவு பண்ணிட்டோமுங்க" என்றார்.

"என் தம்பிக்குங்க?" என்று கேட்டேன்.

"அவரு எதுக்குங்க? அவரு கீழதானுங்க."

"எங்கம்மாவுக்குங்க?"

"செத்தவங்களப் போயி எதுக்குங்க நோண்டிக்கிட்டு" என்றார். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். எனக்கு உன் வீடியோ ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. மனிதர் பயந்துபோய்க் குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

கண்ணு, உனக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று வழக்கம் இருப்பதால் சொல்கிறேன். அந்தப் பெண்ணிடம் நீ சொன்ன பொய் ஒரு நாளோடு முடிகிற பொய் இல்லை. அதற்குத் தினமும் சோறு போட்டு வளர்க்க வேண்டும். உனக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கும் அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிள்ளை கறுப்பாகப் பிறந்தால் யாரைப் போல என்று கேட்பார்கள், அதற்கு ஒரு பொய். நான் தூக்கத்தில் எங்கள் லைன் பேச்சில் உளறினால் அதற்கு ஒரு பொய். நீ கெட்டிக்காரன், எல்லாம் சமாளிப்பாய். எனக்கு உன்மேல் அந்த அளவு நம்பிக்கை இருக்கிறது. தரையில் கல்லுக்கு இரண்டு பக்கமும் கால் வைத்துச் சிரித்தாயே, நீ பிறந்ததே அப்படித்தான். அதில் ஒரு காலை நீயே வெட்டிப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டு ஊர்வலம் போகிறாய். அந்த ஊரில் சுவர் எழுப்பினவர்கள் வெளியே இருந்தார்கள், துப்பாக்கியோடு இருந்தார்கள். உனக்கு யாரும் துப்பாக்கி காட்டவில்லை. நீயாகவே நின்று காவல் காக்கிறாய். எனக்கு உன்னைப் பெற்ற வயிறு எரிகிறது, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

நான் முடிவு செய்திருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கமிட்டிக்காரரிடம் குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது எனக்கு மேலே இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் அம்மா பக்கத்தில் இடம் இருக்கிறது, உன் மாமனுக்கும் அதற்கு அடுத்தாற்போல் இருக்கிறது. உன் அப்பா சுவருக்கு மேலே இருக்கிறார். அவருக்கு இறங்கி வருகிற வழி தெரியும், வருசா வருசம் வந்தவர்தான்.

கல்லறைத் திருநாளன்று உன் மாமனார் வீட்டார் வரட்டும். முந்தின நாள் மேலே போய் உன் அப்பாவுக்கு வெள்ளையடித்துப் பூ வைத்துவிட்டு வந்துவிடுவேன். அன்றைக்குக் காலையில் நான் கீழே இருப்பேன், உன் மாமனோடு. அவனை வம்படியாக இழுத்துக்கொண்டு வருவேன். அவர்கள் மேலே நின்று, சம்பந்தியம்மா எங்கே என்று கேட்டால், சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து நானே கையைத் தூக்கிச் சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பெண்ணுக்கு நான் தனியாக எதையும் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. அவள் வீட்டாருக்குக் கண் இருக்கிறது, அவளுக்குக் காது இருக்கிறது. கல்யாணம் நின்றால் அதற்கு நான் காரணம் என்று சொல்லிக்கொள், எனக்கு வருத்தமில்லை. நிற்காவிட்டால் உன் மாமன் முதல் மாலையோடு வருவான், நான் அவன் பக்கத்தில் நிற்பேன். எங்களை வாசலில் நிறுத்தினால் வாசலில் நிற்போம். நிறுத்தினவன் நீ என்று எல்லோரும் பார்க்கட்டும்.

நான் இன்னும் கொஞ்ச நாள் இருப்பேன், சர்க்கரையும் முழங்காலும் தவிர பெரிய வியாதி ஒன்றும் இல்லை. ஒரு நாள் போவேன். நீ வருவாயோ மாட்டாயோ, உன் மாமன் தோள் கொடுப்பான். கேட் வந்தவுடன் அவனை விடச் சொல்ல அங்கே ஆளில்லை. பிறகு நீ என்றைக்காவது என்னைப் பார்க்க வர வேண்டுமென்றால் உன் அப்பா வந்த மாதிரி ரோட்டுக்கு வந்து, சேற்றில் இறங்கி, எல்லோரும் பார்க்கக் கீழ் கேட் வழியாக வா. பெண்டாட்டி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. அப்படி வந்தால் இந்தக் கடிதத்தில் அடித்து வைத்திருக்கிற சொல் உனக்குத்தான்.

முடியாவிட்டால் மேலேயே நின்றுகொள். பெர்லினில் சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட அம்மா அப்பாவைப் பார்க்க, இந்தப் பக்கத்து ஜனங்கள் ஏணி போட்டு ஏறி நின்று கைக்குட்டையை ஆட்டுவார்கள் என்று ஒரு தடவை போனில் சொன்னாய், சொல்லிவிட்டு அழுதாய். உனக்கு ஏணிகூட வேண்டாம், நம் சுவர் இடுப்பளவுதான். நின்று பார்த்துவிட்டுப் போ. கையை மட்டும் ஆட்டாதே. நான் திருப்பி ஆட்ட மாட்டேன்.

உன் அம்மா